பொடி போடுவோர் கவனத்திற்கு

போடிநாயக்கனூர்
5-7-1986

அன்புள்ள மாப்பிள்ளை தங்கப்பாண்டிக்கு,

கர்த்தர் கிருபையால் வீட்டில் எல்லோரும் நலம். ஊரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தங்கை ஜெயபாக்கியம் நேற்று வந்திருந்தாள். பம்பாயில் உங்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நான் கேட்டு எழுத வேண்டுமாம். அவள் கேட்டால் "கிடைக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்களாம். என்னிடமாவது இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

எனக்கு ஒரு பதவி வந்திருக்கிறது. மதுரையில் இருக்கும் ஒரு மறுவாழ்வுத் தொண்டு நிலையம் நம் ஊரில் கிளை திறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போக மிச்ச நேரத்தில் நான் அதன் களப்பணியாளன். களம் என்பது சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை. பணி என்பது சனிக்கிழமைதோறும் அங்கே போய் உட்கார்ந்திருப்பது.

ஏன் இந்தக் கிளை என்று கேட்பீர்கள். ஏலக்காய் விலை ஏறியதிலிருந்து மலைத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜீப்பு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையானால் ஏதாவது ஒரு எஸ்டேட் பங்களாவில் கூடுகிறார்கள். முன்பு பிராந்தி. இப்போது இரண்டு வருடமாகக் கொகெய்ன் என்று ஒரு வெள்ளைத் தூளாம். மூக்கால் உறிஞ்சுகிறார்களாம். முதலில் ஒரு பங்களாவில் இருந்தது, இப்போது நான்கில் என்கிறார்கள். ஒரு தகப்பனார் போதகரிடம் போய் அழுதிருக்கிறார். போதகர் மதுரைக்கு எழுதினார். மதுரை ஒரு பெயர்ப்பலகைக்கு அனுமதி கொடுத்தது.

"போதை அடிமைகள் மீட்பு நிலையம்" என்று சிவப்பு எழுத்தில் எழுதியாயிற்று. பெயிண்டர் சோணை கீழே ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும் சேர்த்துவிட்டார். "எலும்புக்குத் தனியா ஒண்ணும் வேணாம் சார், இடம் சும்மாதான கெடக்கு" என்றார். நான்கு வாரத்தில் படியேறி வந்தவர் ஒரே ஒருவர். இது ரேசன் ஆபீசா என்று கேட்டார்.

மதுரையிலிருந்து ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வந்திருக்கிறது. அபினி, பிரவுன் சுகர் ஆட்களை எப்படி மீட்பது என்று முந்நூறு பக்கம். கொகெய்னுக்கு அரைப் பக்கம். அதிலும் பாதி, இது பற்றி இன்னும் ஆராய வேண்டும் என்பது. நம் பையன்களோ வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், தேய்த்த சட்டை போடுகிறார்கள், திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போகிறார்கள். இவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே தெரியவில்லை. நீங்கள் பம்பாயில் பலபேரோடு பழகுகிறவர். விவரம் தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரராஜ்


பம்பாய்
16-7-1986

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பாடு நன்றாகக் கிடைக்கிறது. (மூன்று வார்த்தை ஆகிவிட்டது, ஜெயபாக்கியத்திடம் சொல்லுங்கள்.)

இங்கே எங்கள் ஏலக்காய்க் குடோன் பக்கம் வந்துபோகிறவர்களில் இரண்டொருவரிடம் விசாரித்தேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பலகையை இறக்குங்கள். இரண்டு ஜீப்பு வைத்திருப்பவன் "அடிமை" என்ற எழுத்துக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றுவானா? அவன் தன்னை ராஜா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் மச்சான். அந்தத் தூள் செய்கிற வேலையே அதுதான். வாரத்தில் ஒரு நாள்தானே, வேண்டாமென்றால் விட்டுவிடலாமே என்றிருப்பான். அதில் பாதி நிஜமும்கூட. அதனால்தான் மண்டை ஓட்டைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை அறையைத் திறந்து வைத்து என்ன பயன்? அன்றைக்கு அவன் மலையில் இருப்பான். ஞாயிறு தூங்குவான். திங்கள் எல்லார் மேலும் எரிந்து விழுவான். செவ்வாய்க்கிழமைதான் பயம் வரும். நெஞ்சு ஏன் இப்படி அடித்தது, மூக்கில் ஏன் ரத்தம், அவளிடம் ஏன் அப்படிப் பேசினோம் என்று அன்றைக்குத்தான் யோசிப்பான். செவ்வாய் சாயங்காலம் திறந்து வையுங்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. உடம்பைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் எப்படி, மூக்கு எப்படி, பிராந்தியோடு சேர்த்துப் போடுகிறாயா என்று கேளுங்கள். சேர்த்தால் இதயத்துக்குக் கெடுதல், அதைச் சொல்லுங்கள். ஒரேயடியாக விடு என்றால் மறுவாரம் வரமாட்டான். விடுகிறவரைக்கும் உயிரோடு இருக்க வழி சொன்னால் வருவான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இது. இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது, போலீசுக்கும் போகாது, அப்பனுக்கும் போகாது, பெண்டாட்டிக்கும் போகாது என்று சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். எழுதினால் போதாது, அப்படியே நடக்கவும் வேண்டும்.

கேள்விப்பட்டது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
தங்கப்பாண்டி


போடிநாயக்கனூர்
30-8-1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். விளைவை உட்கார்ந்து படியுங்கள்.

அந்தப் பையன்கள் தூளைத் தங்களுக்குள் "பொடி" என்றுதான் சொல்கிறார்களாம். அவர்கள் பாஷையிலேயே பேசுவோம் என்று "பொடி போடுவோருக்கு இலவச ஆலோசனை, செவ்வாய் தோறும் மாலை 4 மணி" என்று புதுப் பலகை எழுதச் சொன்னேன். சோணை ஊர்ப் பெயரையும் பொடிநாயக்கனூர் என்று எழுதி வைத்தார். நெடிலும் குறிலும் அவருக்கு ஒரே விலை.

முதல் செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு பேர் வந்தார்கள். முப்பத்தொருவரும் மூக்குப்பொடி போடுகிறவர்கள். ஒருவருக்கும் வயது அறுபதுக்குக் குறைவில்லை. ராசிங்காபுரத்து ராக்கையா மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாப்பது வருசமாப் போடுறேன். நல்லதுன்னா சொல்லு, கெட்டதுன்னா சொல்லாத. இலவசம்னு போட்டுருக்கே, பொடி மட்டை எங்க?"

"பொடி தர்றதில்லைங்க. ஆலோசனைதான் இலவசம்."

"ஆலோசனைய வச்சு மூக்குல ஏத்தவா? சோலியப் போட்டுட்டு வந்துருக்கோம் வாத்தியாரே."

மறுநாள் பொடிக்கடை கன்னையன் வந்து, நான் அவருடைய பிழைப்பில் மண் போடுவதாகச் சண்டை பிடித்தார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால், மதுரையிலிருந்து பாராட்டுக் கடிதம். மாவட்டத்திலேயே ஒரே நாளில் முப்பத்தொரு பயனாளிகளைச் சேர்த்த கிளை நம்முடையதுதானாம். விவரம் கேட்கவில்லை. கேட்காதவரிடம் சொல்லும் பழக்கம் எனக்கும் இல்லை.

இருந்தாலும் பலகையைத் திருத்திவிடுவது என்று சோணையை வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் மூன்றாவது செவ்வாய் வந்தது. கிழவர்களுக்கு நடுவே ஒரு இளைஞன், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெயர் எழுதமாட்டேன். ராக்கையா அவனைப் பார்த்து, "என்னப்பு, இந்த வயசுலயே பழகிட்டயா?" என்று தன் டப்பாவை நீட்டினார். அவனும் மரியாதைக்கு ஒரு சிட்டிகை போட்டான். போட்டவன் தும்மினான். கைக்குட்டை முழுக்க ரத்தம்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினான். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் மாடிப்படி ஏறுவதைக் கடைத்தெருவே பார்க்கிறது. மூக்குப்பொடிப் பழக்கம், பாவம், என்று நினைத்துக்கொள்கிறது. சோணையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது அந்தப் பிழையை நான் காவல் காக்கிறேன்.

சுவரில் நீங்கள் சொன்ன வாசகம் இருக்கிறது. என் கையால் எழுதினேன். "பெண்டாட்டிக்கும் போகாது" என்ற இடத்தில் மூன்று பேரும் கண்ணை நிறுத்திப் படித்தார்கள். விசாரித்துச் சொன்ன உங்கள் நண்பர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுந்தரராஜ்


பம்பாய்
11-9-1986

அன்புள்ள மச்சானுக்கு,

குடோனில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். கணக்கப்பிள்ளை என்னவோ என்று பயந்துவிட்டார். நல்ல காரியம் செய்கிறீர்கள். பலகையை மாற்றவே மாற்றாதீர்கள். கிழவர்களுக்கு வேண்டுமானால் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுங்கள். அவர்கள் வருவது நின்றால் பையன்களும் நின்றுவிடுவார்கள்.

அந்தப் பையன்கள் என்னவெல்லாம் பேசுகிறார்கள்? தூள் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்று ஏதாவது சொன்னார்களா? சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி காய் வாங்க ஏலத்துக்கு வருகிறேன். மூன்று நாள் இருப்பேன். முடிந்தால் மேலே தோட்டத்துக்கும் போய்வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கப்பாண்டி


போடிநாயக்கனூர்
8-10-1986

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வந்து போய் இரண்டு வாரம் ஆகிறது. ஏலக்கடையில் நடந்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காயை நசுக்கி முகர்ந்து, எந்த மலை, எந்தப் பறிப்பு என்று சொல்லிவிடுகிற மூக்கு என்று உங்களுக்குப் பேர். அந்த மூக்குக்காரர் போன வருடத்துப் பழைய காயை இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு முதல் தர விலைக்குக் கேட்டு எடுத்தால் ஊர் பேசத்தான் செய்யும். தரகர் கோட்டைச்சாமி, "மாப்ளைக்குச் சளி போல" என்று உங்களுக்காகப் பரிந்து பேசினார்.

ஜெயபாக்கியமும் ஒன்று சொன்னாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒழுகி அடுப்படி முழுக்க நாறிக்கொண்டிருக்க, நீங்கள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட்டுக்குத் தீக்குச்சி உரசப் போனீர்களாம். ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாளாம். "அவுகளுக்கு வாசமே தெரியலண்ணே, என்ன வியாதியோ" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

இப்போது தெரியும்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை, என்னிடம் வருகிற மூன்று பையன்களில் ஒருவன் எஸ்டேட் பங்களாவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. மற்ற இருவரும் ஜீப்பில் போட்டு அத்தனை வளைவுகளிலும் இறக்கிக் கொண்டுவந்தார்கள். பயந்து ஓடிவிடாமல், என்ன போட்டான், எவ்வளவு போட்டான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொன்னார்கள். அறையில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் பிழைத்தான். வயது இருபத்து நான்கு.

ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே ஒரு பெயரைச் சொன்னான். தூளைக் கொண்டுவருகிறவர் பெயர். அதை எழுதமாட்டேன். சுவரில் இருக்கிற வாசகம் அப்படி.

அவன் விழுந்ததைக் கேள்விப்பட்டு எத்தனையோ பேர் என்னிடம் எதையெதையோ கேட்டார்கள். போலீசார் இப்படி ஊரில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று கேட்டார்கள். தகப்பனார் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டார். மதுரை, இவனைப் பயனாளிப் பட்டியலில் வைப்பதா, எடுப்பதா என்று கேட்டது. யார் கொண்டுவருகிறார் என்று பையன்கள் சொன்னார்களா என்று கேட்டவர் ஒருவர்தான். அதுவும் அவன் விழுவதற்கு முன்பே கேட்டிருந்தார்.

புதுச் சட்டம் வந்திருக்கிறது. தூள் கொண்டுவருகிறவருக்குப் பத்து வருடத்துக்குக் குறையாத சிறை. நான் வாயைத் திறந்தால் என் தங்கை வீடு போகிறது, என்னை நம்பிப் பேசிய மூன்று பேர் போகிறார்கள். திறக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை எவன் விழுவான் என்று தெரியாது. பத்து நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் இரண்டு நாள் ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறேன், பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

படியேறி வருகிற எல்லாரிடமும் கேட்பதை உங்களிடமும் கேட்கிறேன். வாசனை தெரிகிறதா? மூக்கில் ரத்தம் வருகிறதா? தூக்கம் எப்படி? கடைசியாக எப்போது? பதில் எழுதுங்கள். இனிமேல் மலைக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள்.

சுந்தரராஜ்


பம்பாய்
20-10-1986

மச்சான்,

வாசனை போன தை மாசத்திலிருந்து தெரியவில்லை. ரத்தம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறது. தூக்கம் என்று சொல்லும்படி இல்லை. கடைசியாக உங்கள் கடிதம் வந்த அன்று, படித்து முடித்த பிறகு.

பையன் பிழைத்தான் என்று எழுதியிருந்ததை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

நான் அதை விற்கவில்லை. நம்புவீர்களோ என்னவோ. ஊருக்கு வரும்போது அல்வா வாங்கி வருகிற மாதிரி கொண்டுவந்தேன். பங்களாவில் "மாமா வந்துட்டாக" என்று ஜீப்பு வரைக்கும் ஓடிவருவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. காய் பார்க்க வருகிற ஆளை யார் மச்சான் ஓடிவந்து கூப்பிடுகிறார்கள்?

குடோன் பக்கம் யாரிடமும் நான் விசாரிக்கவில்லை. முதல் கடிதத்தில் எழுதியது முழுக்க என் சங்கதி. எப்படி ஒரு அறை இருந்தால் நான் படியேறுவேன் என்று யோசித்து யோசித்து எழுதினேன். இங்கே அப்படி ஒன்று இல்லை. போன வருடம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரவுன் சுகர் ஆட்கள் வராந்தாவில் சுருண்டு கிடந்தார்கள். சீட்டுக் கொடுக்கிறவர் என் சட்டையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன சார், நன்றாகத்தானே இருக்கிறீர்கள், இன்னும் மோசமானால் வாருங்கள்" என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்துவிட்டேன். அன்று என்னை உட்கார வைத்திருந்தால்.

இனி எதையும் கொண்டுவர மாட்டேன். இது சத்தியம். ஏலத்துக்கு வரும்போது ஒரு செவ்வாய்க்கிழமை அறைக்கு வரலாமா? உங்கள் மாப்பிள்ளையாக இல்லை, பொடி போடுகிற ஒரு ஆளாக. ஜெயபாக்கியத்திடம் நானே சொல்கிறேன், அதற்குக் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

தங்கப்பாண்டி


போடிநாயக்கனூர்
29-10-1986

மாப்பிள்ளைக்கு,

வாருங்கள். நவம்பர் பதினொன்று செவ்வாய். நான்கு மணி. அறை எல்லாருக்கும் பொது.

ஜெயபாக்கியம் தினமும் கேட்கிறாள். நான் தினமும் தெரியாது என்கிறேன். சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

சுந்தரராஜ்


போடிநாயக்கனூர்
2-12-1986

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கிடைத்திருக்கும் என்று தெரியும், தபால்காரர் மேல் பழி போடவில்லை. அந்த இரண்டிலும் பொதுவாக வருத்தம் தெரிவித்திருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதவில்லை. இதில் எழுதுகிறேன்.

பதினொன்றாம் தேதி நீங்கள் சொன்னபடி வந்தீர்கள். பெஞ்சில் ராக்கையாவுக்குப் பக்கத்தில், முறைக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. நாலரைக்கு மூன்று பையன்களும் மேலே வந்தார்கள். ஒருவன் உங்களைப் பார்த்து, "ஏ, மாமா இங்கயும் வந்துட்டாகடா" என்று சிரித்தான். இரண்டாமவன் சிரிக்கவில்லை. விழுந்து பிழைத்தவன் கடைசிப் படியிலேயே திரும்பி இறங்கிப் போய்விட்டான்.

உங்களை வெளியே கூப்பிட்டேன். அவர்கள் வருகிற இடத்துக்கு நீங்கள் வரக்கூடாது, போய்விடுங்கள் என்றேன். குரலைத் தாழ்த்தியதாக நினைத்தேன், உள்ளே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கிறது. நீங்கள் "சரி மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

இங்கே பேசுவது வெளியே போகாது என்றுதான் சுவரில் எழுதியிருக்கிறது. யார் உள்ளே வரக்கூடாது என்று எதுவும் எழுதவில்லை. அந்த விதியை மாடிப்படியில் நின்றபடி நானே செய்தேன். வாத்தியார்களுக்கு அது கைவந்த கலை. அந்தப் பையனுக்காகச் செய்தேன். இன்றைக்கும் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் பம்பாயில் சீட்டுக் கொடுப்பவர் உங்களை அனுப்பிய அதே கதவு வழியாக நானும் அனுப்பினேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அன்று இரவே நீங்கள் ஜெயபாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஒனக்கு எப்ப இருந்துண்ணே தெரியும்?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"ஒரு மாசமா எங் கையால வாங்கிச் சாப்புட்டுருக்க. நான் கேக்கக் கேக்கத் தெரியாது தெரியாதுன்னுருக்க. அவுக தீக்குச்சிய ஒரசி நான் எரிஞ்சு போயிருந்தா அப்பயும் அந்தச் சொவத்துல எழுதுனதத்தான் காட்டிருப்பியா?"

அறைக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது என்றேன். எனக்கே அது மதுரைக் கடிதம் மாதிரிக் கேட்டது. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களோடு ரயில் ஏறிவிட்டாள். நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். அவள் பார்க்கவில்லை.

அவள் உங்களோடு வந்தது நல்லது. இதை ஒப்புக்காக எழுதவில்லை. என் அறை செய்யாததை அவள் செய்வாள்.

இங்கே இரண்டு பையன்கள் தொடர்ந்து வருகிறார்கள். தூள் வரத்து நின்றுவிட்டது என்கிறார்கள், ஆனால் கொச்சி வழியாக வேறு யாரோ கொண்டுவரப் பார்க்கிறார்களாம். விழுந்து பிழைத்தவன் வரவில்லை. தேவாரம் ஊரில் இருக்கும் அவன் சித்தப்பா வீட்டுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை வாசல் வரைக்கும் வந்து பேசினான்.

போன வாரம் ராக்கையா கேட்டார்: "அன்னைக்கு ஒங்க மாப்ள வந்தாகல்ல, அவுகள ஏன் போகச் சொன்னீக? எம் பக்கத்துலதான ஒக்காந்திருந்தாக, மூக்குல ரத்தம் நிக்கவே இல்லையே. அந்தாளத்தான வாத்தியாரே மொதல்ல பாத்துருக்கணும்?" அவருக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஒரு பெயரை வெளியே சொன்னதாகிவிடும். ஆகையால் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது புதன்கிழமையும் அறையைத் திறக்கிறேன். பலகையில் எழுதவில்லை, மதுரைக்குத் தெரியாது, தெரிந்தால் வருகை பூஜ்ஜியம் என்று பதிவு செய்யச் சொல்வார்கள். பையன்கள் வராத நாள். கிழவர்களும் வரமாட்டார்கள். மூன்றிலிருந்து ஆறு வரைக்கும் நான் மட்டும் இருக்கிறேன். இரண்டு புதன்கிழமை ஆயிற்று.

அடுத்த ஏலத்துக்கு உங்களுக்குப் பதிலாக வேறு ஆள் வருவார் என்று கோட்டைச்சாமி சொல்கிறார். இருக்கலாம். ஜெயபாக்கியம் இந்தக் கடிதத்தைப் படித்தால் படிக்கட்டும், அவளுக்குத் தெரியக்கூடாதது இனி என்னிடம் எதுவும் இல்லை.

நாளை புதன்கிழமை. மூன்று மணிக்குப் போய்விடுவேன்.

சுந்தரராஜ்